மதுவிலிருந்து மீள ஓர் ஆதரவுக் குழு: தேடுவதிலிருந்து நிலைப்பது வரை

குடியை விட வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பலர் அதைத் தனியாகவே செய்து முடிக்கப் பார்க்கிறார்கள். சில வாரங்கள் தாக்குப்பிடிக்கவும் செய்கிறார்கள். பிறகு ஒரு மாலையில், மிகச் சிறிய காரணத்துக்காகவோ காரணமே இல்லாமலோ, கை மீண்டும் கோப்பையைத் தேடிப் போகிறது. அந்த நேரத்தில் அழைத்துப் பேச, அதே நிலையைத் தாண்டி வந்த ஒருவரின் எண் கையில் இருந்தால் பல மாலைகள் வேறுவிதமாக முடியும். ஆதரவுக் குழு தருகிற மிகப் பெரிய உதவி இதுதான். அறிவுரை சொல்ல எல்லா வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். 'எனக்கும் இப்படித்தான் இருந்தது' என்று சொல்ல ஆள் கிடைப்பது குழுவில்தான்.

குழுவின் முகவரியைக் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, அது பிடிக்காததால், 'குழுவெல்லாம் எனக்குச் சரிப்படாது' என்று திரும்பி வராமல் போய்விடுவதுதான் பலருக்கும் நேர்கிறது. ஒரே அமைப்பின் கீழ் நடந்தாலும் ஒரு கூட்டம் இன்னொன்றைப் போல இருப்பதில்லை. ஒன்றில் முதியவர்கள் மட்டும் இருப்பார்கள், இன்னொன்றில் இளைஞர்கள் நிறைந்திருப்பார்கள். ஓரிடத்தில் பிரார்த்தனை அதிகம், வேறோர் இடத்தில் சிரிப்பு அதிகம். ஆகவே தொடக்கத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: நீங்கள் தேடப் போவது ஒரு கூட்டத்தை அல்ல, குறைந்தது மூன்று நான்கு கூட்டங்களை. கீழே சொல்லப்படும் எல்லாப் படிகளும் இந்த முடிவின் மேல்தான் நிற்கின்றன.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஆதரவுக் குழு அமைப்பைப் பற்றிய 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களோடு பரிசீலித்தது. அந்தக் குழுக்களோடு ஒருவரை முறையாக இணைத்துவிடும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில், பரவலாகப் பயன்படும் மற்ற மனநலச் சிகிச்சைகளைவிடச் சிறப்பாகச் செயல்பட்டன என்பது அதன் முடிவு. குடிக்கும் அளவைக் குறைப்பது போன்ற மற்ற விஷயங்களில் ஏறத்தாழச் சமமான பலன். இலவசமாக, ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஓர் உதவிக்கு இது சிறிய சான்று அல்ல.

படி 1: முதலில் உடல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். நீண்ட காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்குகின்றன. முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இடமும் நேரமும் புரியாத குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல், கட்டுக்கடங்காத நடுக்கம் ஆகியவை சேர்ந்து வரும். இதை மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிறார்கள். இந்த நிலைக்கு வீட்டில் வைத்தியம் பார்க்க முடியாது. உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலையில் எழுந்ததும் நடுக்கத்தை அடக்கக் குடிப்பவர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள், முதியவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் அல்லது இதய நோய் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நிறுத்தவே கூடாது. முதல் சில நாள்களுக்கு மருந்து கொடுத்து இந்தக் கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடக்கச் செய்யலாம். நீண்ட காலக் குடியால் வைட்டமின் பி1 குறைந்து மூளை பாதிக்கப்படும் வாய்ப்பு உள்ளதால் அதையும் கொடுப்பார்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருந்தும் குழுவும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல. இரண்டும் சேர்ந்தே போகலாம்.

என் நிலை அவ்வளவு மோசமா என்று தெரியாதவர்கள், உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற 10 கேள்விகள் கொண்ட சோதனையைச் செய்து பார்க்கலாம். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கு தரும் எல்லையில் இருக்கிறது. 20 அல்லது அதற்கு மேல் என்றால் அடிமை நிலை இருக்கக்கூடும், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உண்மையாகப் பதில் சொன்னால் மட்டுமே இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. யாரும் பார்க்காத நேரத்தில் செய்யுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடியை முழுவதும் நிறுத்திய பிறகுதான் குழுவுக்குப் போக வேண்டும் என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தேவையில்லை. நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். இன்றுவரை குடித்துக்கொண்டிருப்பவரும் போகலாம்.

படி 2: எந்த வகைக் குழு உங்களுக்கு ஏற்றது?

ஊருக்கு ஊர் அதிகமாகக் காணப்படுவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவைசிகிச்சை மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கியது. இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் இதன் குழுக்கள் இருக்கின்றன. பன்னிரண்டு படிகள் என்ற வழிமுறையைப் பின்பற்றுகிறார்கள்: குடியின் முன் தான் சக்தியற்றவன் என ஒப்புக்கொள்வது, தன்னை நேர்மையாக ஆராய்வது, பிறருக்குச் செய்த தீங்குகளுக்குப் பரிகாரம் தேடுவது, பிறகு இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவது என்று அது நகர்கிறது. கட்டணம் கிடையாது. உறுப்பினராவதற்கான ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம்.

இதில் கடவுள் பற்றிய பேச்சு வரும். 'நீங்கள் புரிந்துகொண்டபடியான உயர் சக்தி' என்று சொல்லி, நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இடம் தருகிறார்கள். சிலருக்கு இது மிகப் பெரிய ஆறுதல். சிலருக்கு முதல் நாளே முகம் சுளிக்க வைக்கும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் தமக்கென நடத்தும் ஏ.ஏ. கூட்டங்களும் பல இடங்களில் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுங்கள்.

ஸ்மார்ட் ரிகவரி இன்னொரு பாதை. 1994 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் உத்திகளைக் கூட்டத்திலேயே பயிற்சி செய்கிறார்கள். ஆசை எழும்போது அதைக் கவனித்துக் கடக்க விடுவது, குடிப்பதன் லாப நஷ்டத்தைத் தாளில் எழுதிப் பார்ப்பது, ஒரு நிகழ்வுக்கும் அதற்கு நாம் காட்டும் எதிர்வினைக்கும் இடையில் உள்ள எண்ணத்தைப் பிடித்துச் சோதிப்பது ஆகியவை அவற்றில் சில. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பயிற்சித் தாளும் பேனாவுமாக வேலை செய்யப் பிடிப்பவர்களுக்கு இது பொருந்தும்.

விமன் ஃபார் சொப்ரைட்டி என்பது பெண்களுக்கானது. ஜீன் கிர்க்பாட்ரிக் 1975-இல் தொடங்கினார். குடியால் ஏற்கெனவே சுயமரியாதை நொறுங்கிய பெண்களிடம் மேலும் பணிவை வலியுறுத்துவதைவிட, தன்மதிப்பை மீட்டுத் தருவது முக்கியம் என்பது அதன் அணுகுமுறை. லைஃப்ரிங் மதச்சார்பற்ற குழு. கடந்த வாரம் எப்படிப் போனது, வரும் வாரத்தில் என்ன சவால் என்பதைச் சுற்றி அதன் பேச்சு நகரும். பௌத்த தியானத்தை அடிப்படையாகக் கொண்ட ரிகவரி தர்மா, கிறிஸ்தவ சபைகளில் நடக்கும் செலிப்ரேட் ரிகவரி ஆகியவையும் உண்டு. இவை தவிர மருத்துவமனைகளும் மறுவாழ்வு மையங்களும் ஆலோசகர் ஒருவரின் தலைமையில் தாங்களே குழுக்களை நடத்துகின்றன. சிகிச்சை முடித்தவர்களுக்கு இவை நல்ல தொடக்கம்.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால், நீங்கள் அடுத்த வாரமும் போகக்கூடியதுதான் என்பேன். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பன்னிரண்டு படிக் குழுக்களையும் அதற்கு மாற்றான குழுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. எந்தக் குழுவானாலும் அதில் ஒருவர் எவ்வளவு ஈடுபாட்டோடு இருக்கிறார் என்பதே பலனைத் தீர்மானித்தது.

படி 3: எங்கே தேடுவது?

அந்தந்த அமைப்பின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து தொடங்குங்கள். ஊர் பெயரை இட்டால் கூட்டங்களின் நாள், நேரம், இடம் வரும். ஏ.ஏ. அமைப்புக்கு 'மீட்டிங் கைட்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகில் அடுத்து நடக்கும் கூட்டத்தைக் காட்டும். எல்லா நாடுகளின் பட்டியலும் அதில் இல்லை என்பதால், உங்கள் நாட்டின் ஏ.ஏ. சேவை அலுவலக இணையதளத்தையும் பாருங்கள். ஒரு பகுதியின் குழுக்கள் சேர்ந்து நடத்தும் இன்டர்குரூப் அலுவலகங்களில் தொலைபேசியை எடுப்பவரும் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஒருவராகவே இருப்பார்.

இணையத்துக்கு வெளியேயும் வழிகள் உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, குடி போதை மறுவாழ்வு மையம், மருத்துவ சமூகப் பணியாளர், மாவட்ட மனநலத் திட்டம், நாட்டின் அரசு உதவி எண் ஆகியவற்றில் கேளுங்கள். சமூகப் பணியாளர்களை நான் குறிப்பாகச் சொல்வேன். எந்தக் கூட்டம் உயிரோடு இருக்கிறது, எது பெயருக்கு மட்டும் பட்டியலில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தேவாலயங்கள், சமூகக் கூடங்கள், நூலகங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகைகளையும் பாருங்கள். பெரும்பாலான குழுக்கள் இத்தகைய இடங்களில்தான் அறை வாடகைக்கு எடுக்கின்றன. தேவாலயத்தில் நடப்பதால் அது மதக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தேடும்போது ஓர் எச்சரிக்கை. தேடுபொறியில் முதலில் வருபவற்றில் பல, கட்டணச் சிகிச்சை மையங்களின் விளம்பரங்கள். 'இலவச ஆலோசனை எண்' என்று போட்டிருக்கும். அழைத்தால் காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு கட்ட முடியும் என்று கேள்விகள் தொடங்கும். சிகிச்சை மையம் தேவைப்படுபவர்கள் அதைத் தனியாக விசாரித்துச் சேரலாம், அதில் தவறில்லை. ஆனால் ஆதரவுக் குழு உங்களிடம் சேர்க்கைக் கட்டணம் கேட்காது, காப்பீட்டு எண் கேட்காது, முழு முகவரியும் கேட்காது. கேட்டால் நீங்கள் வேறு எங்கோ அழைத்திருக்கிறீர்கள்.

பட்டியலில் கிடைப்பதை அப்படியே நம்பிக் கிளம்பவும் வேண்டாம். கூட்டங்கள் இடம் மாறும், நேரம் மாறும், சில நின்றே போயிருக்கும். முதல் முறை துணிந்து கிளம்பி, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் இரண்டாம் முறை கிளம்புவது அரிது. அதனால்தான் அடுத்த படி.

படி 4: ஒரு தொலைபேசி அழைப்பு

ஏ.ஏ. அமைப்பே ஒரு தொலைபேசி அழைப்பில்தான் தொடங்கியது. வியாபார வேலையாக ஆக்ரன் வந்து, அது தோற்றுப்போன நிலையில், மது அருந்தும் அறையின் பேச்சொலி கேட்கும் தூரத்தில் ஓட்டல் முகப்பில் நின்றுகொண்டிருந்தார் பில் வில்சன். குடிக்காமல் இருக்க வேண்டுமானால் தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரனோடு பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் வழியாகச் சில எண்கள், அந்த எண்கள் வழியாக ஒரு பெண்மணி, அவர் வழியாக டாக்டர் பாப். முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்கக் கூச்சப்படுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் இவ்வளவு போதும்: 'குடியை நிறுத்த விரும்புகிறேன். கூட்டத்துக்கு வரலாம் என்று நினைக்கிறேன். இது எனக்குப் புதிது.' பெயர்கூடச் சொல்ல வேண்டாம். பிறகு கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

- இந்த வாரம் கூட்டம் உறுதியாக நடக்கிறதா? அதே இடம், அதே நேரம்தானா?
- திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் நண்பரும் வரலாம். மூடியது, குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும்.
- எந்த மொழியில் பேசுவார்கள்?
- கட்டடத்துக்குள் எந்த வாசல், எந்த மாடி? சக்கர நாற்காலி செல்லுமா?
- பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள்? பெண்களுக்கான தனிக் கூட்டம் உண்டா?
- கூட்டத்துக்கு முன்பு யாராவது என்னை வாசலில் சந்திக்க முடியுமா?

கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். பல குழுக்களில் புதியவரை அழைத்து வருவதற்கென்றே ஆட்கள் முன்வருவார்கள். வாசலில் உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பது தெரிந்தால் வீட்டை விட்டுக் கிளம்புவது பாதி எளிதாகிவிடும்.

படி 5: முதல் கூட்டம்

பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். தாமதமாக நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பதற்றம் தேவையில்லை. நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போட்டிருக்கும். யாராவது வந்து கை குலுக்கி, முதல் முறையா என்று கேட்பார்கள். ஆம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏ.ஏ. கூட்டம் வழக்கமாக ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை நீடிக்கும். நோக்கத்தை விளக்கும் சிறு வாசிப்போடு தொடங்கும். பிறகு ஒருவர் தன் கதையைச் சொல்வார், அல்லது ஒரு படியைப் பற்றிய பேச்சு நடக்கும், அல்லது ஆளுக்குச் சில நிமிடம் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ வழக்கம் அல்ல. புதிதாக வருபவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும்: உள்ளத்தைக் கொட்டுகிறார் ஒருவர், யாரும் பதில் சொல்லாமல் நன்றி என்று மட்டும் சொல்லி அடுத்தவருக்கு நகர்கிறார்களே என்று. சில கூட்டங்களுக்குப் பிறகு, தீர்ப்பு வராத இடத்தில் பேசுவது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும்.

உங்கள் முறை வரும்போது பேசியே ஆக வேண்டியதில்லை. 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்றால் போதும். பெயரை மட்டும் சொல்லலாம். குடிநோயாளி என்று சொல்ல மனம் வரவில்லை என்றால் சொல்ல வேண்டாம்; யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நடுவிலோ முடிவிலோ ஒரு கூடை அல்லது உண்டியல் சுற்றி வரும், அறை வாடகைக்கும் தேநீருக்குமான காணிக்கை அது. புதியவர்கள் போட வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். முடிவில் சில இடங்களில் எல்லோரும் எழுந்து கைகோத்துப் பிரார்த்தனை சொல்வார்கள். விருப்பம் இல்லாவிட்டால் அமைதியாக நிற்கலாம்.

தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால் என்ற பயம் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது. இருக்கக்கூடும்தான். ஆனால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். இங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது இந்தக் குழுக்களின் அடிப்படை ஒழுங்கு. ஆயினும் அது சட்டம் அல்ல, ஒருவரை ஒருவர் நம்பிக் காக்கும் ஒப்பந்தம். வழக்கு, வேலை தொடர்பான நுணுக்கமான விஷயங்களை முதல் நாளே முழுக் கூட்டத்தில் சொல்லாமல், ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ வைத்துக்கொள்வது நல்லது.

அன்று குடித்திருந்தால்? பெரும்பாலான இடங்களில் அமைதியாக உட்கார்ந்து கேட்க அனுமதிப்பார்கள், பேசவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் வண்டியை நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் உடனே ஓடிவிட வேண்டாம். முடிந்த பிறகான கால் மணி நேரத்தில்தான் உண்மையான அறிமுகம் நடக்கிறது. இரண்டு பேரின் தொலைபேசி எண்ணையாவது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

படி 6: இது என் குழுதானா?

ஒரு கூட்டத்தை வைத்து எடை போடாதீர்கள். அதே கூட்டத்துக்கு இரண்டு மூன்று முறையாவது போங்கள், வேறு இரண்டு கூட்டங்களையும் பாருங்கள். நேரமும் முக்கியம். உங்களுக்குக் குடிக்கத் தோன்றும் நேரம் மாலை ஏழு என்றால், அந்த நேரத்தில் நடக்கும் கூட்டம் காலைக் கூட்டத்தைவிட அதிகம் உதவும். தூரமும் அப்படியே. ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து போகும் மிகச் சிறந்த குழுவைவிட நடந்து போகக்கூடிய சுமாரான குழு உங்களைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

நல்ல குழுவில் நீண்ட காலம் குடிக்காமல் இருப்பவர்களும் நேற்று வந்தவர்களும் கலந்திருப்பார்கள். மீண்டும் குடித்துவிட்டுத் திரும்பியவரை எப்படி வரவேற்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு குழுவின் தரத்தைக் காட்டுவதில் இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. அவருக்கு நாற்காலி இழுத்துப் போடும் இடம் உங்களுக்கும் நல்ல இடம்.

சில அறிகுறிகளைக் கண்டால் வெளியேறுங்கள். மருத்துவர் தந்த மனநல மருந்தையோ வலிப்பு மருந்தையோ நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், எத்தனை வருடம் குடிக்காதவராக இருந்தாலும், அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள். மருந்தைத் தீர்மானிப்பது குழுவின் வேலை அல்ல. கடன் கேட்பது, தொழிலில் சேரச் சொல்வது, குடும்பத்தாரிடமிருந்து விலகச் சொல்வது, ஒருவர் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வது ஆகியவையும் ஆபத்தானவை. புதிதாக வந்து மனம் உடைந்திருக்கும் ஒருவரிடம், குறிப்பாக இளம்பெண்களிடம், பழைய உறுப்பினர் ஒருவர் காதலோ உறவோ தேடி நெருங்குவதும் நடக்கிறது. இதை வெளிப்படையாகச் சொல்லி வைப்பது அவசியம். அப்படி நேர்ந்தால் அது உங்கள் தவறு அல்ல. குழுவில் பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லுங்கள், வேறு கூட்டத்துக்கு மாறுங்கள், குற்றமாக இருந்தால் காவல்துறைக்குப் போங்கள். அடையாளம் காக்கும் ஒழுங்கு, குற்றத்தை மறைப்பதற்கானது அல்ல.

படி 7: நிலைப்பது

ஒரு கூட்டத்தை உங்கள் சொந்தக் குழுவாக வைத்துக்கொண்டு, அதை மட்டும் தவறவிடாமல் இருங்கள். முதல் மூன்று மாதம் கடினமான காலம் என்பதால் 90 நாளில் 90 கூட்டம் என்று ஏ.ஏ. வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோராலும் முடியாது. வேலையும் குழந்தைகளும் இருப்பவர்கள் நேரில் ஒன்றும் இணையவழியில் ஒன்றும் என வாரத்துக்கு இரண்டில் தொடங்கினாலும் நல்லதே.

பன்னிரண்டு படிக் குழுக்களில் ஸ்பான்சர் என்று ஒருவரை வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு முன்பே அந்தப் பாதையில் நடந்தவர், படிகளை உங்களோடு சேர்ந்து செய்பவர், இரவில் அழைத்தாலும் எடுப்பவர். அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். யாருடைய பேச்சைக் கேட்கும்போது 'இவர் இருக்கும் நிலையில் நானும் இருக்க விரும்புகிறேன்' என்று தோன்றுகிறதோ அவரிடம் கேளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொதுவான வழக்கம். தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் தங்களுக்குப் பாதுகாப்பான வேறு ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பொருந்தவில்லை என்றால் நன்றி சொல்லி மாற்றிக்கொள்ளலாம். யாரும் தவறாக நினைக்கக் கூடாது.

சின்ன வேலை ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். நாற்காலி போடுவது, தேநீர் வைப்பது, கதவைத் திறப்பது. வேலை இருப்பவருக்குப் போகாமல் இருக்கக் காரணம் கிடைப்பதில்லை. 'நான் போகாவிட்டால் கதவு திறக்காது' என்ற எண்ணம் எத்தனையோ பேரை மோசமான வாரங்களில் கூட்டத்துக்கு இழுத்து வந்திருக்கிறது.

ஊரில் குழுவே இல்லை என்றால்

இணையவழிக் கூட்டங்கள் இப்போது எந்த நேரத்திலும் ஏதோ ஓர் இடத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. தொலைபேசி வழியாக மட்டும் நடப்பவையும் உண்டு. முகம் காட்டாமல், பெயரை மாற்றிக்கொண்டு சேரலாம் என்பதால் நேரில் போகத் தயங்குபவர்களுக்கும் இது நல்ல நுழைவாயில். ஆனால் முடிந்தவரை மாதம் ஒரு முறையாவது பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு நேரில் போய்வாருங்கள். திரையில் பார்த்த முகம் அவசரத்துக்கு வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

நீங்களே தொடங்கலாம் என்பதும் உண்மை. ஏ.ஏ. மரபுப்படி, குடியை நிறுத்துவதற்காக இரண்டு மூன்று பேர் ஒன்றுகூடினால், வேறு எந்த அமைப்பையும் சாராத வரை, தங்களை ஒரு ஏ.ஏ. குழு என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்மார்ட் ரிகவரியில் கூட்டத்தை நடத்த முன்பயிற்சி முடிக்க வேண்டும். இப்போதுதான் நிறுத்தியிருப்பவர் தனியாக இந்தச் சுமையை எடுக்க வேண்டாம். நீண்ட காலமாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கணவரோ மகனோ மகளோ குடிக்கிறார், குழுவுக்கு வர மறுக்கிறார் என்றால் நீங்கள் முதலில் போகலாம். அல்-அனான் குடும்பத்தாருக்கான அமைப்பு. பில் வில்சனின் மனைவி லோயிஸும் அவருடைய தோழியும் 1951-இல் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். குடிப்பவர் வீட்டுப் பதின்வயதினருக்கான அலட்டீன் 1957-இல் வந்தது. குடிப்பவர் நிறுத்தாவிட்டாலும் வீட்டில் இருப்பவர்கள் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும். பாட்டிலை ஒளிப்பது, அலுவலகத்துக்குப் பொய் சொல்வது, கடனை அடைப்பது என்று ஓடி ஓடிக் களைத்தவர்கள் அங்கே முதல் முறையாக உட்கார்கிறார்கள்.

அவருக்குத் தெரியாமல் உணவில் மாத்திரை கலந்து கொடுப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்தை உட்கொண்டவர் குடித்தால் கடும் வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்த வீழ்ச்சி வரும், சில நேரம் உயிரே போகும். அது தெரிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து.

குழுவுக்கு அழைக்க நல்ல நேரம், அவர் குடிக்காமல் இருக்கும் காலை. சண்டை போட்ட இரவு அல்ல. 'நீ போ' என்பதைவிட 'திறந்த கூட்டம் ஒன்று இருக்கிறது, நானும் வருகிறேன்' என்பது அதிகம் பலிக்கும். மறுத்தால் அத்தோடு விட்டுவிட்டு, சில வாரம் கழித்து மீண்டும் கேளுங்கள்.

மீண்டும் குடித்துவிட்டால்

வெட்கத்தால் குழுவுக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் சறுக்கலை ஆறு மாதச் சரிவாக மாற்றுவது பெரும்பாலும் அந்தத் தள்ளிப்போடல்தான். அன்றே ஒருவரை அழையுங்கள், அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். பல நாள்கள் தொடர்ந்து குடித்திருந்தால் படி 1-இல் சொன்ன ஆபத்து மீண்டும் வரும், மருத்துவரைப் பார்த்த பிறகே நிறுத்துங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

ஊர் மாறும்போது

வேலை மாற்றம், இடமாற்றம், வெளிநாட்டுப் பயணம் ஆகியவை குழுவோடு உள்ள தொடர்பு அறுந்துபோகும் காலங்கள். கிளம்பும் முன்பே புதிய ஊரின் கூட்டப் பட்டியலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய குழுவில் கேட்டால் அந்த ஊரில் தெரிந்த ஒருவரின் எண் கிடைக்கக்கூடும். பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் முன்பே, முதல் வாரத்திலேயே, ஒரு கூட்டத்துக்குப் போய்விடுங்கள். புதிய குழுவில் கால் ஊன்றும்வரை பழைய குழுவின் இணையவழிக் கூட்டத்திலும் தொடர்ந்து கலந்துகொள்ளலாம்.